பறக்கத்து, ரெண்டு, மூணு

"மூணுக்குப் பொறகு என்னடா? சொல்லு மனெ. மூணுக்குப் பொறகு?"

நஸ்லின் தம்பியின் தோள்களைப் பிடித்து உலுக்கினாள். ஆறு வயதுப் பர்ஹான் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று விரல்களை விரித்திருந்தான். நாலாவது விரல் தன்னுடையதுதானா என்பதுபோல அதைத் தொட்டுப் பார்த்தான்.

"தெரியா ராத்தா."

நேற்று ஐந்துவரை சொன்னான். போன மாதம் நூறுவரை சொல்லி மதரசாவில் மிட்டாய் வாங்கி வந்தவன்.

கணினி அறையில் வேறு யாருமில்லை. ஜும்ஆ நேரம். சாய்ந்தமருது ஆண்களெல்லாம் பள்ளிவாசலில் இருந்தார்கள். கடைகள் அடைத்துக் கிடந்தன. அறையைப் பார்த்துக்கொள்ளும் றஸாக் சேரும் சாவியை நஸ்லினிடம் தந்துவிட்டுத் தொழப் போயிருந்தார். வெயில் உள்ளே வராதபடி திரைச்சீலைகள் இழுத்து மூடியிருந்தன. வெளியே பட்டப்பகல், உள்ளே பாதி இருட்டு. அந்த இருட்டுக்குள் சேறும் உப்புமாய் ஒரு வாடை. சுனாமிக்குப் பிறகு ஊர் முழுக்க அடித்ததே, அதே வாடை.

திரையில் ஒரு கணக்கு நின்றது.

5 − 4 = ?

அதே கணக்கு. பதினைந்து நாளாக அதே கணக்கு.

இந்த அறையைச் சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர் யாரோ கட்டிக் கொடுத்தார்கள். யுத்தம் முடிந்து மூன்றாவது வருடம்தான் அதற்கு இன்டர்நெட் வந்தது, அதோடு இந்தக் கணக்குப் பாடமும் வந்தது. பிள்ளையின் பெயரைக் கொடுத்து உள்ளே போகவேண்டும். சரியாகச் செய்தால் அடுத்தது கொஞ்சம் கடினமாக வரும். பிழை விட்டால் இலேசாக வரும். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறதோ, அந்தப் படிக்கே இறங்கிவந்து பக்கத்தில் நிற்கும். தம்பியின் பெயரை நஸ்லின்தான் பதிந்தாள்.

அது தம்பியின் பெயர் மட்டுமல்ல.

முதல் பர்ஹான் அவளுடைய மூத்த சகோதரன், காக்கா. அவனுக்கு ஒன்பது வயதில், வாப்பா மக்கீனோடு கடற்கரையில் மீன் எண்ணிக்கொண்டிருந்த காலையில் கடல் எழும்பி வந்தது. வாப்பா தென்னை மரத்தில் தொங்கித் தப்பினார். காக்காவின் ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. அடுத்த வருடம் தம்பி பிறந்ததும் வாப்பா அந்தப் பெயரையே வைத்தார்.

"அவன்ட பேரச் சொல்லி ஊட்டுல ஆரும் கூப்பிடாம எனக்கு ஏலா முனவ்வறா," என்று உம்மாவிடம் அழுதார். உம்மா மறுக்கவில்லை. ஆனால் இன்றுவரை உம்மா அவனை "மனெ" என்று செல்லமாகத்தான் கூப்பிடுகிறாள். ஒருநாளும் பெயர் சொன்னதில்லை.

பெயர் பதிந்த இரண்டாம் கிழமையே றஸாக் சேர் அவளைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன நஸ்லின், தம்பிட பேருல நீதானே களவாக் கணக்குச் செய்யிற? அறை பூட்டிக் கிடக்கிற ராவுலயும் கணக்கு ஏறுது, ஒண்டாம் வகுப்புப் பொடியன் நாலாம் வகுப்புக் கணக்குல நிக்கிறான்!"

"வல்லாஹி இல்ல சேர். எங்கட ஊட்டுல கம்பியூட்டரே இல்லியே."

"அப்ப ஜின்னு வந்தா செய்யிது?" சேர் சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் கணக்கு ஏற ஏற, இந்தப் பக்கத்தில் தம்பி இறங்கிக்கொண்டிருந்தான். பெருக்கல் வந்த அன்று அவனுக்கு ஐம்பதுக்கு மேல் மறந்தது. வகுத்தல் வந்த அன்று இருபதுக்கு மேல். பள்ளிக்கூடத்து டீச்சர் கல்முனை டொக்டரிடம் காட்டச் சொன்னார். டொக்டர் புழு மருந்து எழுதினார்.

நேற்று றஸாக் சேர்தான் இன்னொன்றையும் காட்டினார்.

"எல்லாம் சரி. ஒண்டு மட்டும் புதினம். விடை ஒண்டு எண்டு வாற இடமெல்லாம் பெட்டி வெறுமனே கிடக்கு. அது சரிவரு மட்டும் இந்தப் பாடம் முடியா. திரும்பத் திரும்ப அங்கேயேதான் கொண்டு வந்து நிப்பாட்டும்."

நஸ்லின் அந்த வெறும் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

வாப்பா மீன் எண்ணும்போது ஒன்று என்று தொடங்கமாட்டார். "ஒண்டு எண்டு சொல்லாத மனெ. பறக்கத்து எண்டு தொடங்கு, அல்லாஹ்ட அருளால மீன் பெருகும்," என்று காக்காவுக்குப் பழக்கியிருந்தார். பறக்கத்து, ரெண்டு, மூணு. காக்கா அதைப் பள்ளிக்கூடத்திலும் விடவில்லை. ஒன்று வரும் இடத்தை வெறுமையாக விட்டு அடி வாங்குவான். அடி வாங்கிவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணடிப்பான்.

கடல் வந்த நாளுக்குப் பிறகு வாப்பா எதையும் எண்ணியதில்லை. இப்போது ஓட்டோ ஓட்டுகிறார். தம்பி அந்தச் சொல்லை அந்த வீட்டில் கேட்டதே இல்லை.

இரவெல்லாம் படுத்து யோசித்து நஸ்லின் ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். காக்கா அந்த ஒரு கணக்கில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறான். அதை முடித்துக் கொடுத்தால் போய்விடுவான். தம்பியை விட்டுவிடுவான்.

"பிஸ்மில்லாஹ்," என்று முணுமுணுத்து, ஒன்றைத் தட்டினாள்.

திரை பச்சையானது.

"மிக நன்று, பர்ஹான்! இந்தப் பாடம் முடிந்தது."

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த குத்பாப் பிரசங்கம் நின்றது. மின்விசிறியின் சத்தம் மட்டும்.

"நாலு," என்றான் தம்பி.

அவள் திரும்பினாள்.

"அஞ்சு. ஆறு. ஏழு…"

"அல்ஹம்துலில்லாஹ்! சொல்லு, சொல்லு!" நஸ்லின் அவனைக் கட்டிப் பிடித்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. இருபது. முப்பது. ஐம்பதைத் தாண்டியும் அவன் தடுமாறவில்லை. உம்மா கேட்டால் எப்படிச் சந்தோசப்படுவா!

"முதல்ல இரிந்து ஒருக்காச் சொல்லு மனெ. ராத்தாக்காக."

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"பறக்கத்து. ரெண்டு. மூணு."

அவள் கைகள் தாமாகவே கழன்றன. அவன் சட்டை நனைந்திருந்தது. வியர்வை இல்லை. அவள் உதட்டில் உப்புக் கரித்தது.

திரையில் கணக்கு மாறியது. விசைப்பலகையை யாரும் தொடவில்லை.

3 + 1 = ?

பிழை.

2 + 1 = ?

பிழை.

பாடம் படிப்படியாக இறங்கியது. ஒன்றுமே தெரியாத ஒரு பிள்ளையைத் தேடி, பொறுமையாக, கீழே, இன்னும் கீழே. கடைசியில் ஒரே ஒரு மீனின் படம் வந்து நின்றது.

இதில் எத்தனை மீன்?

பெட்டி வெறுமையாகக் கிடந்தது.

"பரவாயில்லை, பர்ஹான். மீண்டும் முயற்சி செய்யுங்கள்."

அதற்குக் கீழே இறங்க இனிப் படி இல்லை. மீன் மறைந்தது. மறுபடி வந்தது.

"ஒண்டுடா! ஒண்டு!" நஸ்லின் திரையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கத்தினாள். "ஒண்டு எண்டு தட்டுடா மனெ!"

பெட்டி வெறுமையாகவே கிடந்தது.

பக்கத்துக் கதிரையில் இருந்தவன் எழுந்து வந்து அவள் தோளில் கை வைத்தான். ஈரமான சின்னக் கை. திரையை எட்டிப் பார்த்து, ஒருநாளும் அவளை அழைக்காத முறை சொல்லி, மெல்லக் கேட்டான்:

"தங்கச்சி, உள்ளுக்க ஆரு அழுகிற?"