மேல்மாடியில் வசிப்போர்

கோப்பு ஒரு பக்கத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை.

அருந்ததியின் அண்ணன் கதிர்காமநாதனை வெள்ளவத்தைச் சுற்றிவளைப்பில் பொலிஸ் பிடித்துக்கொண்டு போய் ஏழு மாதம். அப்படி ஒருவர் அவர்களுடைய மேல்மாடி வீட்டில் இருந்ததாகப் பதிவே இல்லை என்று பொலிஸ் நிலையத்தில் வாய் கூசாமல் சொன்னார்கள். நாளை நீதிமன்றத்தில் விசாரணை. அவனே தட்டச்சு செய்து பொலிஸில் கொடுத்த வீட்டுப் பதிவுப் படிவத்தின் பிரதி, சுருக்கிய கோப்பாக ஒரு டிஸ்கில் இருந்தது. நல்ல கணினியையும் அன்றே தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிஞ்சியவை, அச்சுப்பொறியும், அவன் பள்ளிக்கூட நாளில் தொலைக்காட்சியோடு பொருத்தி விளையாடிய பழைய கணினியும். சுருக்கியதை விரிக்கும் நிரல் அதற்குக் கிடையாது. அதற்காக விட்டுவிடுவாளா? பெரிய கணினிக்கு எழுதிய நிரலின் அச்சுப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, இந்தக் குட்டி நினைவகத்துக்கு ஏற்றபடி வரி வரியாக வெட்டிக் குறைத்து, மூன்று கிழமையில் முடித்திருந்தாள்.

திரையில் படிவம் விரிந்தது. முகவரி சரி. வசிப்போர் என்ற இடத்தில் முதலில் நவரத்தினம். பிறகு சிவமணி. பிறகு நேசமலர். ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு பெயருக்கும் நேரே, வந்த திகதி. இன்றைய திகதி.

பிழை தன்னுடையதுதான் என்று நினைத்து நிரலைச் சரிபார்த்தாள். விரிக்கும் நிரல், தான் ஏற்கெனவே எழுதியதைத் திரும்பிப் பார்த்துத்தான் மிச்சத்தை எழுதும். இதுவோ கோப்பின் தொடக்கத்துக்கும் முன்னால் போய்ப் பெயர்களை எடுத்துக்கொண்டிருந்தது. அங்கே எதுவும் இருக்க நியாயமில்லை.

பின்னேர வெயில் சன்னலில் அடித்தது. தெஹிவளைப் பக்கம் போகும் ரயில் கடலோரமாகக் கடகடத்து ஓய்ந்த பிறகு, அவளுக்குப் பின்னால் விறாந்தையில் யாரோ ஈரக்காலைச் சீமெந்தில் பதித்து எடுக்கும் சத்தமும், சேற்று மணமும், எரிந்த டயரின் வாடையும் ஒன்றன்பின் ஒன்றாக அறைக்குள் வந்தன. திரையில் பெயர் ஒன்று விழ, கால் ஒன்று பதிந்தது.

தொலைபேசி அடித்தது. கீழ்வீட்டு பைறோஸா.

"அருந்ததி, மேல ஆக்கள் வந்தீக்காங்களா? நடக்கிற சத்தம் நிக்குதே இல்ல."

"ஓம் அக்கா. வந்திருக்கினம்."

"எத்தன பேரு?"

"இன்னும் முடியேல்லை."

பிளக்கைப் பிடுங்கினால் எல்லாம் நின்றுவிடும். கையும் பிளக்குக்குப் போய்விட்டது. ஆனால் அண்ணனின் பெயர் இன்னும் வரவில்லையே. இவ்வளவு தூரம் வந்து, பயந்து, அவனைப் பாதியில் விடுவதா? கையை எடுத்தாள்.

"வாங்கோ," என்றாள் திரும்பாமலே. "அண்ணா வருமட்டும் நான் நிப்பாட்ட மாட்டன்."

பெயர். கால்.

பெயர். கால்.

கதவுக்கு உள்ளே. கதிரைக்குப் பின்னால்.

இத்தனை பேர். ஒரு மூச்சுச் சத்தம் இல்லை.

கதிர்காமநாதன்.

அவள் அச்சிடும் விசையை எட்டுவதற்கு முன், தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டு அதை அழுத்தியது. மணிக்கட்டில் அவனுடைய கடிகாரம். விரல்களில் நகங்கள் இல்லை.

அச்சுப்பொறி இரைந்தது. அருந்ததிக்கு அழுகை வந்தது. அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அது ஐஸாய்க் குளிர்ந்தது.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு விசாரணை," என்றாள். "எல்லாரும் என்னோட வாங்கோ."

பின்னால், அத்தனை ஈரக்கால்களும் ஒரேயடியாக வாசல் பக்கம் திரும்பின.