மூத்த யானை தந்த சம்மதம்

விலங்கின் சம்மதம் இல்லாமல் அதன் காட்டைத் தொடக்கூடாது என்று சட்டம் வந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அன்று காலை கரடிப்பாறைச் சரிவில் சம்மதம் கேட்கும் சடங்கு. அணையின் நீர்மட்டத்தை உயர்த்தினால் பதினொரு யானைகளின் வழித்தடம் மூழ்கிவிடும். அவற்றை வேறு காட்டுக்கு ஏற்றிப்போக, மந்தையை நடத்தும் மூத்த பெண்யானை சரி என்று சொல்ல வேண்டும்.

அதன் கழுத்துப்பட்டையில் இருந்தது அகமொழிக் கருவி. யானையின் உறுமல், நாடி, மூளையின் அலைகள் மூன்றையும் சேர்த்துத் தமிழாக்கி ஒலிபெருக்கியில் பேசும். நாம் சொல்வதை உறுமலாக்கி யானைக்குக் கேட்கவைக்கும்.

அலுவலர் இளம்பரிதி கேள்வியை வாசித்தார். சற்று நேரத்தில் பதில் வந்தது.

“மலை எங்களுக்கு மட்டுமா சொந்தம்? நீங்களும் பிழைத்துப் போங்கள். நாங்கள் விலகிக்கொள்கிறோம்.”

பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முன்வரிசையில் விருந்தினராக உட்கார்ந்திருந்த ரெபேக்கா ஞானதீபம் மட்டும் சட்டென்று ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தாள். இருபத்தாறு வருடம் யானைகளின் பின்னால் நடந்து, பிறகு அவற்றை வைத்து எட்டு நாவல்கள் எழுதியவள் அவள். இப்போது ஒலிபெருக்கி சொன்னவை, கணவர் இறந்த மாதம் கோவையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் அவள் அழுதுகொண்டே எழுதிய வரிகள்.

அவள் யானையைப் பார்த்தாள். காதுகள் விரிந்தபடி அசையாமல் நின்றன. குட்டியை வயிற்றுக்கடியில் தள்ளியிருந்தது. சாணம் தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது.

எழுந்து இளம்பரிதியிடம் போனாள். “தம்பி, அது பயந்து செத்துக்கிட்டிருக்கு. இப்பப் பேசினது அது இல்ல, நான். என் மூணாவது நாவல்ல இருக்கு.”

“தெரியும்மா,” என்று அவர் சிரித்தார். “கருவி யானை மனசைப் படிச்சதே உங்க நாவல்கள்லதான். இவ்வளவு விரிவா வேற யாரு எழுதியிருக்கா?”

“நாப்பது நோட்டு களக்குறிப்பு குடுத்தேனே?”

“அதுல பக்கத்துக்குப் பக்கம் ‘காரணம் தெரியவில்லை’ன்னுதானே இருக்கு? அதை வெச்சு என்னம்மா மொழிபெயர்க்கிறது?”

ரெபேக்கா அவர் கையிலிருந்த ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். “பிடிக்கலைன்னா சொல்லு! கோபமா இருந்தா திட்டு!”

“உன்மேல் எங்களுக்கு ஏது கோபம், மகளே?” என்றது ஒலிபெருக்கி.

கூடியிருந்தவர்கள் உருகிப்போனார்கள். அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. எட்டு நாவல்களிலும் எந்த யானையையும் அவள் மனிதனை வெறுக்கவிட்டதில்லை. வாசகர்களுக்கு அது பிடித்திருந்தது. அவளுக்கும்தான்.

லாரிகள் பின்பக்கமாக நகர்ந்து வந்தன. யானையை ஏற்ற இறக்கிவைத்த சாய்பலகையின் குறுக்கே அவள் போய் நின்றாள்.

“யானையே சரின்னுடுச்சு. வேணாம்னு சொல்ல நீங்க யாரும்மா?” என்றார் இளம்பரிதி. அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. இரண்டு பெண் காவலர்கள் அவளை மெல்ல ஓரமாக அழைத்துப்போனார்கள்.

லாரிக்குள் ஏற்றப்பட்டதும் யானை இரும்புக் கதவில் நெற்றியால் மோதியது. மறுபடியும் மோதியது. ரத்தம் கண்ணுக்குள் வழிந்தது. ஒலிபெருக்கி நன்றி சொல்லிக்கொண்டே இருந்தது.

“பொய்! எல்லாம் பொய்!” என்று கத்தினாள் ரெபேக்கா.

பக்கத்தில் நின்ற பெண் ஆதரவாக அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். “அழாதீங்கம்மா. எவ்வளவு அழகா விடைபெறுது, பாருங்க.”