ஏழாவது போர்ட்டின் சூடு

நெட்வொர்க் பெட்டியில் கேபிள் செருகும் ஏழாவது துளை, ஏழாவது போர்ட், காலி. ஆனால் அதில் ஏதோ செருகியிருக்கிறது என்று பெட்டியை இயக்க அவன் எழுதிய டிரைவர் நிரல் திரையில் சொல்லிக்கொண்டே இருந்தது. 'ஆதரிக்கப்படாத வன்பொருள். மின்சாரம் தரப்படவில்லை.' போர்ட்டில் மாட்டும் கருவிகள் தங்கள் சூட்டையும் டிரைவருக்குத் தெரிவிக்கும். இதுவும் தெரிவித்தது. முப்பத்தேழு டிகிரி. பல் தந்தியடிக்கும் அந்தக் குளிர் சர்வர் அறையில், ஒரு காலித் துளைக்கு மனித உடம்பின் சூடு.

"வந்து பாருங்க மாப்ள, உள்ள ஒண்ணுமே இல்ல," என்றார் மச்சான். மனைவியின் அண்ணன், அங்கே கேபிள் மாட்டுகிற வேலை.

அவன் குனிந்தான். விசிறிகளின் இரைச்சலுக்கு அடியில், யாரோ வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவதுபோல ஈரமாக ஒரு மூச்சு வந்து வந்து போனது. திரிந்த பாலும் துலக்காத பல்லும் கலந்த வாடை மூக்கில் ஏறியது. டார்ச் அடித்தான். ஒரு விரல் மட்டுமே நுழையக்கூடிய அந்த உலோகத் துளையின் உட்சுவர் இளஞ்சிவப்பாக, ஈறுபோல, எச்சில் வழிய இருந்தது.

"சீ!"

"பூஞ்சையா இருக்கும். இதுக்குப் போய் மூஞ்சிய இப்படி வச்சுக்கிட்டு! துடைச்சா போச்சு," என்று மச்சான் துணி தேடினார்.

மேலாளர் போனில் கத்தினார். "கஸ்டமர் வாசல்ல நிக்கிறாங்க. ஒரு எச்சரிக்கைகூட தெரியக் கூடாது. தெரிஞ்சா நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்."

அடையாளம் தெரியாத எதற்கும் மின்சாரம் தராதே, உடனே புகார் சொல் என்று டிரைவரில் எழுதியவன் அவன்தான். அந்தக் கட்டளையை எடுத்தால்தான் எச்சரிக்கை நிற்கும். பயமாக இருந்தது. வேலை போய்விடும் என்பது அதைவிடப் பயமாக இருந்தது. அதை நீக்கி, எது வந்தாலும் ஏற்றுக்கொள் என்று ஒரு வரியைச் சேர்த்து, துளையைத் துடைக்கப் போன மச்சானின் விரல் எங்கே இருக்கிறது என்று திரும்பிக்கூடப் பார்க்காமல், டிரைவரை மறுபடி ஓடவிட்டான்.

எச்சரிக்கை மறைந்தது.

"பச்சை விளக்கு வந்துருச்சு மாப்ள!"

பிறகு சப்புகிற சத்தம்.

"மாப்ள... இழுக்குது."

"கைய எடுங்க மச்சான்!"

"வர மாட்டேங்குது."

ஓடிப்போய் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்தான். எலும்பு நொறுங்கியது. உள்ளங்கை போயிற்று. மணிக்கட்டு. எச்சில் தெறித்தது. சூடாக. வாந்தியெடுத்தான், பிடியை விடாமல். ஒரு கையை நீட்டிப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினான்.

விசிறிகள் நின்றன. சப்புவது நிற்கவில்லை.

முழங்கை வரை உள்ளே. துளை அதே அளவு. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.  மச்சானின் பார்வை பக்கத்துத் துளையில் குத்திட்டு நின்றது. அவனும் பார்த்தான்.

எட்டாவது போர்ட்டிலிருந்து அவருடைய ஆள்காட்டி விரல் எச்சில் வடிய வெளியே வந்து, எதையாவது பிடித்துக்கொள்ளத் துழாவியது.