மூச்சை இழுத்துப் பிடிங்க

நாங்கள் குடிபோன அன்று வீட்டுக்காரர் வாயெல்லாம் பல்லாக நின்றார். "நேத்துதான் பெயிண்ட் அடிச்சேன். சுவரைப் பாருங்க, பளபளன்னு!" பளபளப்புக்கு அடியில் ஈரச் சாக்கு நாற்றம் அடித்தது. எதிலும் குற்றம் கண்டுபிடிக்கிற புத்தி எனக்கு என்று என் மனைவி குத்திக்காட்டுவாள். அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன். பேச வேண்டிய இடத்தில் நான் பேசாமல் இருந்தது அது இரண்டாவது முறை.

ஒரே மாதத்தில் படுக்கையறைச் சுவரில் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு கரும்புள்ளிகள் கிளம்பின. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன். அடுத்த வாரமே இரண்டு மடங்காக வந்தன. அவள் இரும ஆரம்பித்தாள். மூன்றாம் மாதம் கைக்குட்டையில் ரத்தம்.

நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவன். அவளுடைய படத்தையும் நானே எடுத்தேன். சின்ன வயதில் வந்த காசநோய் அவள் நுரையீரலில் ஒரு குழியை விட்டுப்போயிருந்தது. அந்தக் குழிக்குள் வெள்ளையாக ஓர் உருண்டை உட்கார்ந்திருந்தது.

"பூஞ்சை," என்றார் டாக்டர். "சுவர்ல இருக்கறது மூச்சு வழியா உள்ள போய்க் குடியேறிடுச்சு. இவங்க வார்டுலயே இருக்கட்டும். நீங்க முதல்ல அந்த வீட்டைக் காலி பண்ணுங்க."

மறுநாள் நடுப்பகலில் சாமான் கட்டத் தனியாகப் போனேன். பரணில் எங்கள் பெட்டிக்குப் பின்னால் ஒரு பழைய எக்ஸ்ரே உறை கிடந்தது. அதன் மேல் என் கையெழுத்தில் ஒரு பெயர்.

அந்த டீச்சர்.

போன வருடம் வந்தவர். துணைக்கு யாருமில்லை. "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லிப் படம் எடுத்தேன். உடனே போன் வந்தது. யாரிடமோ கத்திக்கொண்டே வெளியே போய்விட்டேன். "விடுங்க" என்று சொல்லவில்லை. திரும்பி வந்தபோது உதடு நீலம் பாரித்துத் தரையில் கிடந்தார். "மூச்சை விட வேண்டியதுதானே?" என்று அவர் மேலேயே எரிந்து விழுந்தேன்.

"நீங்க சொல்லலையே," என்றார். அதே வாரம் செத்துப்போனார்.

இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறார். இதே சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருமியிருக்கிறார்.

உறை என் கையிலிருந்து நழுவியது.

சுவர் மூச்சை இழுத்தது.

மெதுவாக, நீளமாக. பெயிண்ட் உள்வாங்கியது. ஜன்னல் திரை சுவர்ப் பக்கம் சாய்ந்தது. இழுத்த மூச்சு அப்படியே நின்றது.

வெளியே வரவில்லை.

போன் அடித்தது. வார்டிலிருந்து நர்ஸ். "சார், சீக்கிரம் வாங்க! அக்கா இழுத்த மூச்சை விட மாட்டேங்கறாங்க. உதடெல்லாம் நீலமாகுது!"

எனக்குப் புரிந்துவிட்டது.

"விடுங்க டீச்சர்," என்றேன்.

சுவர் அசையவில்லை.

அந்தக் கறுப்பின் மேலேயே நெற்றியை வைத்து அழுதேன். "தப்பு என்னோடதுதான். அவளை விட்டுடுங்க டீச்சர். வேணும்னா என்னைப் பிடிங்க."

சுவர் மூச்சை விட்டது.

ஈரமும் புழுதியுமாக, நேராக என் வாய்க்குள்.

அவள் பிழைத்துக்கொண்டாள். ஆபரேஷன் செய்து உருண்டையை எடுத்துவிட்டார்கள். புது வீட்டில் நல்ல வெயில் வருகிறது. அதிலும் நான் குற்றம் கண்டுபிடிப்பதாகத் திட்டுகிறாள். அந்தத் திட்டைக் கேட்க எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது!

எனக்குத்தான் பத்து நாளாக இருமல். இன்று காலை, கூட வேலை பார்ப்பவன் என்னை மெஷின் முன்னால் நிறுத்தினான்.

"மூச்சை இழுத்துப் பிடி... அவ்வளவுதான். விடு."

விட்டேன்.

வரவில்லை.

"டேய், விடுன்னு சொல்லிட்டேன்டா! என்னடா ஆச்சு?"

கண் இருட்டியது. ஈரச் சாக்கு நாற்றம் தொண்டைக்கு ஏறியது. என் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், வகுப்பெடுக்கும் பொறுமையோடு பேசியது.

"நான் இன்னும் சொல்லலையே."