முதல் பலகையின் இரண்டாம் திரை

ஏகாம்பரத்தின் குற்றம் ஒரு விளையாட்டின் புள்ளிப்பட்டியலில் ஏழாவது வரியில் இருந்தது. பெயருக்கான மூன்று கட்டங்களில் ‘ஏகாம்’. புள்ளிக்கான கட்டங்களில் மதகு திறந்த நாளும் மணியும். அந்த ஒரு வரியை வைத்துத்தான் கருமலை அணைக் காவலரான அவரை ஆயுளுக்கும் உள்ளே தள்ளினார்கள். அணைக்குக் கீழே இரண்டு ஊர்கள் வெள்ளத்தில் போயிருந்தன.

“இந்தப் பெட்டிதான் மேடம்” என்று அவர் மகன் தணிகைவேல் துண்டைப் பிரித்து மேசைமேல் வைத்தான். “பதினேழு வருஷம் கழிச்சு இப்பதான் எங்க கையில குடுத்தாங்க. இன்னொரு தடவை சோதிச்சுப் பாருங்க.”

சான்றகத்தின் பலகையறிஞர் ஞானசெல்வி பெட்டியைப் பார்த்தாள். மாம்பழ நிறம். தட்டான் என்று பெயர். அறுபது வருடங்களுக்கு முன்னால் பிள்ளைகள் கையில் உருண்ட விளையாட்டுப் பெட்டி; இன்று நாட்டின் பத்திரம், சாட்சி, உயில் எல்லாம் அதற்குள்தான் இருந்தன.

வேறு வழியில்லாமல் போய்விட்டது. எந்தக் கையெழுத்தையும் எந்தக் குரலையும் இயந்திரங்கள் நொடியில் போலி செய்யப் பழகியபின், காகிதம் முதல் காணொளி வரை எதையும் எவரும் நம்பவில்லை. அப்போதுதான் யாருக்கோ தட்டான் ஞாபகம் வந்தது. ஆலை முதலில் செய்த மின்சுற்று, அதாவது அதன் முதல் பலகையில் இருந்தது எரிநினைவகம். ஓர் எழுத்தைப் பதிந்தால் உள்ளே ஒரு நுண்கம்பி எரிந்துபோகும். எரிந்ததைப் பிரம்மாவே வந்தாலும் ஒட்ட முடியாது. இரண்டாம் பலகையிலிருந்து மலிவான அழிநினைவகம் போட்டுவிட்டார்கள். அதில் எழுதலாம், அழிக்கலாம். வெளியே இரண்டுக்கும் ஒரே அச்சு, திறந்தால் பலகை உடைந்துவிடும். பிரித்தறிய ஒரே வழி, ஆலையில் சோதிப்பவர்களுக்காக ஒளித்துவைத்த மறைபட்டியல்தான். மேலம்புப் பொத்தானையும் பக்கத்துப் பொத்தான்கள் இரண்டையும் அழுத்தியபடி மின்சாரம் கொடுத்தால், திரையில் பலகை எண் வரும்.

‘எண் தெரிந்ததும் கையை எடு’ என்பது பலகையறிஞர் பயிற்சியில் முதல் பாடம். வாசலில் வரிசை நிற்கும்போது வேறென்ன சொல்லித்தருவார்கள்!

பதினேழு வருடங்களுக்கு முன் இதே பெட்டியைச் சோதித்தவளும் ஞானசெல்விதான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். எண் கொஞ்சம் தாமதமாக வந்தது போலவும், தான் ‘ஐயம்’ என்று பதிந்தது போலவும் மங்கலாக ஒரு ஞாபகம். ஆனால் சான்றகத்தின் தட்டானில் அவள் பெயருக்கு நேரே இருந்தது ‘உறுதி’. பதிவு பொய் சொல்லாது. ஆகவே ஞாபகம்தான் பொய். ஊரே அப்படித்தான் வாழ்ந்தது. புருஷன் பெண்டாட்டி சண்டையைக்கூடப் பெட்டியைப் போட்டுப் பார்த்துத்தான் தீர்த்துக்கொண்டார்கள்.

அவள் பொத்தான்களை அழுத்தி மின்சாரம் கொடுத்தாள். திரையில் ‘1’ வந்தது.

“விரலை எடுக்காதீங்க மேடம்! பிடிச்சுக்கிட்டே இருங்க.”

கட்டைவிரல் மரத்துப்போனது. திரை கறுத்து, இன்னொரு திரை விரிந்தது.

‘பலகை 1 என்று காட்டச் சொன்னார்கள். நினைவகச் சில்லை மாற்றிவிட்டார்கள். இது 1-அ. இதில் அழிக்கலாம். அழித்த கணக்கைக் கீழே வைத்திருக்கிறேன். மதுரமுத்து, சோதனைப் பிரிவு.’

அதன் கீழே: ‘வரி 7. மாற்றம் 1.’ தேதியும் இருந்தது. வெள்ளத்துக்கு மறுநாள்.

ஞானசெல்விக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொம்மை ஆலையில் வேலை பார்த்த ஒரு மனிதர்! மேலே இருப்பவர்கள் வாயைக் கட்டியிருக்கிறார்கள். அவரோ பொறுமையுள்ள ஒரு விரல் என்றாவது வரும் என்று நம்பி, இடம் குறைந்த அந்தச் சில்லில் உண்மையைத் திணித்து வைத்திருக்கிறார். புண்ணியவான். எதிரில் இருந்தால் காலில் விழுந்திருப்பாள்.

“இதை எப்படிப்பா கண்டுபிடிச்ச?”

“எண் வந்த பிறகும் கீழ வைக்க மனசு வரல மேடம். அப்பா கை பட்ட பொத்தானாச்சே.” அவன் பெட்டியைத் தடவினான். “இப்ப அப்பாவை விட்டுருவாங்கல்ல?”

அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. “முடியாதுப்பா. நான் ‘உறுதி’ன்னு போட்டது எங்க தட்டான்ல எரிஞ்சு கிடக்கு. அது இருக்கற வரைக்கும் புதுச் சோதனை செல்லாது. நானே நினைச்சாலும் மாத்த முடியாது.”

“தப்புப் பண்ணுனது நீங்க. உள்ள கிடக்கறது எங்கப்பாவா?”

சுருக்கென்று தைத்தது. ஞானசெல்வி விறுவிறுவென்று கூடத்துக்குப் போனாள். கண்ணாடிப் பேழைக்குள் இருந்த சான்றகத்தின் தட்டானை எடுத்தாள். தலைமை அலுவலர் அருமைநாயகம் பதறி ஓடிவந்தார். அதற்குள் அவள் மூன்று பொத்தான்களையும் அழுத்தி மின்சாரம் கொடுத்துவிட்டாள். ‘1’ வந்தது. விரலை எடுக்கவில்லை.

1-அ.

முதலில் வந்தது மகிழ்ச்சிதான். அழிக்கலாம்! இப்போதே ‘ஐயம்’ என்று மாற்றிவிடலாம். தன் வரியைத் தேடிக் கீழே இறங்கினாள்.

‘மாற்றம் 1.’ அவள் சான்றளித்ததற்கு மூன்றாம் நாள் தேதி.

“சார், நான் அன்னைக்குச் சரியாத்தான் பதிஞ்சேன்!” என்று கூவினாள். கண்ணில் நீர் பொங்கியது. “ஐயம்னுதான் போட்டேன். எனக்கு ஞாபகம் இருக்கு. யாரோ மாத்தியிருக்காங்க. தணிகைவேல், இங்க வாப்பா, உங்கப்பா வந்துடுவாரு!”

தணிகைவேல் ஓடிவந்து திரையைப் பார்த்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதான். அருமைநாயகம் குனிந்து பட்டியலை மெல்லக் கீழே நகர்த்தினார். மாற்றம் 1. மாற்றம் 3. மாற்றம் 1. மாற்றம் 2. அவள் சான்றளித்த வரிகள் அப்படியே போய்க்கொண்டே இருந்தன.

“அம்மா ஞானசெல்வி,” என்றார் அவர், வறண்ட குரலில். “இதுல எல்லாம் நீங்க என்ன பதிஞ்சீங்கன்னு ஞாபகம் இருக்கா?”

அவள் யோசித்தாள். அந்த ஒன்றைத் தவிர ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. பதிவு இருக்கிறதே என்று, பதினேழு வருடங்களாக அவள் எதையும் நினைவில் வைத்துக்கொள்ளவே இல்லை.