நியூட்ரல் தெரியாத மருமகள்

எனக்கு மிச்சமிருக்கும் நாலு பல்லின் மேல் சத்தியம்: இனி நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. போடிநாயக்கனூரில் என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்கள் எதைக் கேட்டாலும் சிரிக்கிற ஆட்கள்.

அன்று காலை ஜொகரா பீவி கிரைண்டரிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா கிரைண்டரு... உனக்கும் பிளக்கு, வாசல்ல நிக்கிற ஜீப்புக்கும் பிளக்கு! நீயாச்சும் மாவு ஆட்டுற. அது என்னத்த ஆட்டுது?"

இரண்டடி தள்ளி நின்று தேங்காய் துருவிக்கொண்டிருந்த மருமகள் அலிமா நிமிரவில்லை. மாமியார் அவளிடம் நேருக்கு நேர் பேசி ஒரு வருஷம் ஆகிறது. சொல்ல வேண்டியதையெல்லாம் கிரைண்டரிடம் சொல்லுவாள். அலிமா கேட்டுக்கொள்ள வேண்டும். நடுவில் ஒருமுறை கிரைண்டர் பழுது பார்க்கக் கடைக்குப் போனபோது, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அக்கம்பக்கத்தார் விசாரித்து வந்தார்கள். அவ்வளவு அமைதி.

எல்லாவற்றுக்கும் காரணம் பழைய டீசல் ஜீப்பு. ஜொகராவின் காலஞ்சென்ற கணவர் காதர் ராவுத்தர் ஓட்டியது. குரங்கணிக்கு மேலே இருக்கும் செல்லக்கிளி எஸ்டேட்டுக்கு ஆட்களையும் அரிசி பருப்பையும் ஏற்றிப் போகும். ஏலக்காய் மூட்டைகளோடு இறங்கும். அது மலையில் முக்கி முனகி இறங்குகிற சத்தத்தைப் போடியிலிருந்தே கேட்டு ஜொகரா பீவி உலை வைப்பாள். அவர் கை கழுவி உட்காரும்போது சோறு வெந்திருக்கும்.

அவருக்குப் பிறகு மகன் ராஜா முகம்மது அதை ஓட்டினான். ஒருநாள் ஜீப்பு வீடு திரும்பவில்லை. ராஜா முகம்மது நொண்டிக்கொண்டு வந்து தலையைக் குனிந்து நின்றான். அலிமாதான் வாயைத் திறந்தாள். "நாந்தான் மாமி, பழைய இரும்புக்குப் போட்டுறச் சொன்னேன்..." அடுத்த வாரமே தன் கல்யாண நகையெல்லாம் கழற்றிக் கொடுத்து, சத்தம் போடாத இந்த எலெக்ட்ரிக் ஜீப்பை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். அன்றோடு மாமியாரும் சத்தம் போடாமல் ஆகிவிட்டாள், கிரைண்டரிடம் தவிர.

புது ஜீப்பாவது மரியாதையாக ஓடியதா? அதுவும் இல்லை. போடியில் முழுக்க சார்ஜ் ஏற்றிக்கொண்டு எஸ்டேட்டுக்கு ஏறிவிடும். இறங்கும்போது பாதி மலையில் படுத்துவிடும். முந்தின நாளும் அப்படித்தான். குரங்கணி ஜீப்பு ஸ்டாண்டின் தலைவர் காசிராஜன் தன் டீசல் ஜீப்பில் கயிறு கட்டி இழுத்து வந்தார்.

"மாப்ளே, டார்ச் லைட்டுக் கட்டை ரெண்டு வாங்கிப் போட்டுப் பாரு," என்று அவர் சொல்ல, ஸ்டாண்டே சிரித்தது.

எஸ்டேட் முதலாளி சுந்தரராஜ் போனில் முடிவாகச் சொல்லிவிட்டார். மறுநாள் போடியில் ஏலம். இன்று மூட்டை இறங்கவில்லை என்றால், இனி லோடு காசிராஜனுக்கு.

"கேட்டியா கிரைண்டரு," ஜொகரா பீவியின் குரல் உயர்ந்தது. "இன்னைக்கு லோடு எறங்கணும். எறங்கலையா... கம்பத்துல இருந்து இவ அண்ணன் வரட்டும். இவளையும் இந்த மிக்ஸி வண்டியையும் சேத்து ஏத்திட்டுப் போகட்டும்! எம்புருசன் வண்டிய இரும்புக்கடைக்குப் போட்டவ இந்த வீட்ல இருக்க வேணாம்!"

அலிமாவின் கையிலிருந்த தேங்காய் மூடி நழுவியது. அவள் அறைக்குள் ஓடினாள். ராஜா முகம்மது போர்வைக்குள் இருந்தான்.

"என்னங்க... எந்திரிங்க. அம்மா சொன்னது கேட்டுச்சுல்ல?"

"எனக்கு இடுப்பு வலிக்குது அலிமா..."

"இடுப்பா, வெக்கமா?"

போர்வை தலைக்கு மேல் ஏறியது. அந்த நேரத்தில் ஒரே ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் வீடே தலைகீழாகப் புரண்டிருக்கும். அவள் சொல்லவில்லை. கண்ணீரை முந்தானையில் துடைத்துக்கொண்டு ஆணியில் தொங்கிய சாவியை எடுத்தாள். ஸ்கூட்டி ஓட்டப் பழகியவள். கிளட்ச் இல்லாத இந்த வண்டியை மைதானத்தில் நாலு சுற்றுச் சுற்றியிருக்கிறாள். அவ்வளவுதான் அவள் படிப்பு.

"பிஸ்மில்லா..." என்று அவள் உட்கார்ந்ததும், பக்கத்துச் சீட்டில் இன்னொருவர் ஏறி உட்கார்ந்தார். ஜொகரா பீவி!

"ஏ கண்ணாடியே," என்றாள் முன்கண்ணாடியைப் பார்த்து, "நானும் வர்றேன்னு சொல்லு. இதையும் எங்கிட்டாவது வித்துப்புட்டு வந்தா என்ன பண்றது?"

ஏறுகிற வழியில் ஒரு விபரீதம் நடந்தது. வண்டியில் சத்தமே இல்லாததால் வழியில் நின்ற காட்டெருமை ஒன்று விலகவில்லை. அலிமா பயந்து பயந்து ஹாரனைத் தொட்டாள். அது திரும்பிப் பார்த்து, பொம்பளைகள் வண்டி என்று கண்டு, மரியாதையாக ஓரம் ஒதுங்கி வழிவிட்டது. பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவில் ஒரு குரங்கு கையைக் காட்டி லிஃப்ட் கேட்டது. லோடு வண்டி என்று ஏற்றவில்லை.

எஸ்டேட்டில் மூட்டைகளை அடுக்கி முடித்தபோது மீட்டரில் இருபதுதான் இருந்தது. சுந்தரராஜ் எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? இந்தச் சார்ஜ வச்சுக்கிட்டு குரங்கணி போயிருவியா?"

"போயித்தான ஆகணும் முதலாளி," என்றாள் அலிமா. "போகலைன்னா... நான் கம்பத்துக்குல்ல போகணும்!"

இறக்கம் தொடங்கியது. அலிமா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருந்தாள். பயத்தில் பிரேக்கைக்கூட அதிகம் தொடவில்லை. ஏலக்காய்ப் பாரம் பின்னாலிருந்து தள்ளியது. வண்டியோ யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் நிதானமாக இறங்கியது.

"கண்ணாடியே, இவ பிரேக்கையும் மிதிக்கல. வண்டி தானா பிடிக்குது. உள்ள ஜின்னு கின்னு இருக்கான்னு கேளு."

"மாமி..." அலிமா மீட்டரைக் கண்ணால் காட்டினாள். "நம்பரப் பாருங்க... இருபத்தேழு..."

அடுத்த வளைவில் முப்பத்தைந்து. அதற்கடுத்த வளைவில் நாற்பது!

"எறக்கத்துல எப்பிடிடி ஏறும்?" என்று கத்திவிட்டாள் ஜொகரா பீவி.

ஒரு வருஷம் கழித்து அவள் மருமகளிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அது. அந்த ஒரு 'டி'யில் அலிமாவுக்குக் கண் நிறைந்து வழி மங்கிப் போயிற்று. நல்லவேளை, வண்டிக்கு வழி தெரிந்திருந்தது.

குரங்கணி கண்ணில் படும் முன்பே மீட்டர் நூறைத் தொட்டது. அதற்கு மேல் இடமில்லாததால் மின்சாரம் வேறு வழி தேடியது. மழையில்லாமலே வைப்பர் ஆடியது. ஹாரன் தானாக அடித்தது. ஜொகரா பீவியின் மடியிலிருந்த பட்டன் போன், வயரே இல்லாமல், முழுச் சார்ஜ் ஏறிவிட்டதாகக் குரல் கொடுத்தது.

ஸ்டாண்டில் காசிராஜன் கயிறோடு காத்திருந்தார். பக்கத்தில் ராஜா முகம்மது, கிடைத்த பஸ்சைப் பிடித்து ஓடி வந்திருந்தான். வண்டி வந்து நின்றதும் எல்லோரும் மீட்டரைப் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

"எப்பிடித்தா?" என்றார் காசிராஜன்.

"எனக்கென்ன தெரியும்ணே? ஏறும்போது போட்ட கீரு. அப்படியே விட்டுட்டேன். வேற எதையும் தொடப் பயமா இருந்துச்சு."

காசிராஜன் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி ராசா! எறக்கம்னா நியூட்ரல்ல போட்டு உருட்டுவியே, டீசலு மிச்சம்னு! இதையும் அப்படித்தான் உருட்டினியா? சைக்கிள் டைனமோ மாதிரிடா இது. கீர்ல இருந்தாத்தான சக்கரம் சுத்தச் சுத்தக் கரண்டு ஏறும்! நியூட்ரல்ல போட்டா எங்கிட்டு ஏறும்?"

ஜொகரா பீவி மெதுவாக இறங்கினாள். அவள் முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

"நியூட்ரலா...?" என்றாள். "நியூட்ரல்ல உருட்ட மாட்டேன்னு உன்னப் பெத்த அத்தா உங்கிட்ட சத்தியம் வாங்கினாருல்லடா? பிரேக்கு சூடாகிப் பிடிக்காமப் போயிரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னாருல்லடா?" சட்டென்று நின்றாள். "அப்போ... அத்தா வண்டி?"

ராஜா முகம்மது தாயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குலுங்கினான்.

"அலிமா விக்கலம்மா... நாந்தான் உருட்டினேன். பிரேக்கு பிடிக்கல. நான் குதிச்சுட்டேன். வண்டி பள்ளத்துல போயிருச்சும்மா! உன் மூஞ்சில முழிக்க முடியாம நின்னேன். அவதான்... எம்பேரு கெடக்கூடாதுன்னு பழிய ஏத்துக்கிட்டா... நகையையும் கழட்டிக் குடுத்தா..."

"யா அல்லா!"

ஜொகரா பீவி திரும்பி மருமகளை இழுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். "ஒரு வருசம்! ஒரு வருசம் கிரைண்டருகிட்ட உன்னத் திட்டினேனேடி, பாவி நான்! நீ ஏன் ஆத்தா வாயத் தொறக்கல?"

"தொறந்திருந்தா அவுகளத் திட்டியிருப்பீங்க மாமி..." அலிமா அவள் தோளில் விம்மினாள். "நான் தாங்கிட்டேன். அவுக தாங்க மாட்டாக..."

ஸ்டாண்டில் கண் துடைக்காத டிரைவர் இல்லை. காசிராஜன் மூக்கைச் சிந்திய சத்தம் மட்டும் கொட்டகுடி வரை கேட்டது.

ஜொகரா பீவிதான் முதலில் தேறினாள். "அழுகுறது போதும். வெரசா கெளம்புங்க, ஏலத்துக்கு ஏலம் போகணும். சாவி இனிமே எம்மருமக கையில. ராசா, நீ பின்னால மூட்டை மேல உக்காரு. நல்லாப் பிடிச்சுக்க, குதிச்சுறாத!"

காசிராஜனும் கூட வருகிறேன் என்று தன் ஜீப்பைத் திருகினார். அது இருமியது, புகைந்தது, அணைந்தது. டீசல் இல்லை.

"கொண்டா அந்தக் கயித்த!" என்றாள் ஜொகரா பீவி.

போடி பஸ் ஸ்டாண்டு வழியாக அந்த ஊர்வலம் போனதைப் பார்க்காதவர்கள் துரதிர்ஷ்டசாலிகள். முன்னால் சத்தமில்லாத ஜீப்பு, ஸ்டியரிங்கில் அலிமா, பக்கத்தில் மாமியார், போகிற வருகிறவரையெல்லாம் நிறுத்தி, "எம்மருமக ஓட்டுறா!" என்று நேராக அவர்கள் முகத்துக்கே சொல்லிக்கொண்டு, மூட்டை மேல் ராஜா முகம்மது, பின்னால் கயிற்றில் காசிராஜனின் டீசல் ஜீப்பு, அதற்குள் குனிந்த தலையோடு காசிராஜன்.

ஒன்றே ஒன்று சொல்ல மறந்துவிட்டேன்: செல்லக்கிளி எஸ்டேட்டுக்கு இன்றுவரை ரோடு போடவில்லை. மூட்டைகள் குதிரை முதுகில்தான் இறங்குகின்றன.