முன்பனித் தீ

மேற்கு மலைத்தொடரின் பின்னே கதிரவன் மறைய, கீழ்வானில் எழுந்த முழுமதி மலையாற்றின் நீர்ப்பரப்பில் வெள்ளியை உருக்கி வார்த்துக்கொண்டிருந்த முன்பனிக்கால மாலையொன்றில், சேரநாட்டு யானைப்படையின் பாசறை முன்னே கைகள் பிணிக்கப்பட்ட மங்கை ஒருத்தி நிறுத்தப்பட்டாள். மலைக்குடிகளின் தலைவி கொற்றி அவள். அரச ஆணையை மீறிப் புல்வெளிக்குத் தீயிட்டாள் என்பது குற்றம்.

விசாரிக்க அமர்ந்த படைத்தலைவன் நெடுங்கீரனின் கண்களில் நெடும்பயணத்தின் களைப்பு மண்டியிருந்தது.

"காட்டுக்குத் தீயிடுவோர் கையை இழப்பர் என்பதை அறியாயோ, பெண்ணே?"

"அறிவேன், ஐயா. ஆணை வருமுன் ஆண்டுதோறும் பனி ஈரம் உள்ளபோதே காய்ந்த புல்லைச் சிறிது சிறிதாக எரித்துவிடுவோம். தீ முழங்காலுக்கு மேல் எழாது, சோலைக்குள் புகாது. ஆணைக்குப் பின் புல் ஆளுயரம் வளர்ந்தது. சென்ற கோடையில் இடி விழுந்து பற்றிய தீ சோலையையே தின்றது. யானைக்கன்றுகள் வெந்தன. என் தங்கையும் போனாள்."

"அரசவையில் முறையிடவில்லையா?"

"முறையிடாமலா? அதிகாரிகள் வந்தார்கள். தேன் உண்டார்கள், தலையசைத்தார்கள், போனார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், ஐயா. கையை வெட்டுவதானால் வெட்டுங்கள். ஆனால் மூட்டிய தீயைப் பாதியில் விட்டு வந்திருக்கிறேன். மலைக்காற்று இறங்குமுன் அதை அணைக்க வேண்டும்."

அன்பார்ந்த வாசகர்களே! நெடுங்கீரன் வாளை உருவியபோது காவலர் கண்களை மூடிக்கொண்டனர். அவனோ அவள் கைகளைப் பிணித்த கயிற்றை அறுத்தான்.

"வீரர்களே, இவர் ஏவுவதைச் செய்யுங்கள்!"

பச்சைத் தழைக்கொத்துகளுடன் வீரரும் மலைக்குடிகளும் தோளோடு தோள் நின்று தீயின் ஓரங்களை அடித்தனர். "புகைக்குள் நிற்காதீர்கள்! இப்புறம் வாருங்கள்!" என்று கொற்றியின் குரல் வரிசை நெடுக ஒலித்தது. சோலையின் ஈர விளிம்பை எட்டியதும் தீ தானாகவே தணிந்தது.

சோர்ந்து பாறையில் சாய்ந்த நெடுங்கீரனின் வெந்த முழங்கையில் அவள் பச்சிலை பிழிந்தாள். அந்த விரல்களின் பரிவை அவனால் தாங்க இயலவில்லை.

"கொற்றி, நான் படைத்தலைவன் அல்லன். அந்த ஆணையில் முத்திரையிட்ட இளவரசன். வெந்த காட்டை நேரில் காணவே இப்படி வந்தேன். உங்களைக் கேளாமல் ஆணையிட்டது என் பிழை. இனி இங்கே எங்கே, எப்போது தீ மூட்டுவதென்று உங்கள் மன்றம் சொல்லட்டும். என் படை துணை நிற்கும். என் குலத்தின்மீது ஆணை!"

கோபிக்கவும் அவளிடம் வலுவில்லை.

"அந்த மூலையில் இன்னும் புகைகிறது, இளவரசே," என்றாள். "ஆணையைப் பிறகு பார்க்கலாம். எழுந்திருங்கள்."

சேரநாட்டு அரியணைக்குரியவன் தழைக்கொத்தை எடுத்துக்கொண்டு அவள் பின்னே நடந்தான்.